செல்லக்கனி பங்கிட்ட கஞ்சி

பெரிய டீச்சரின் வலது கையில், பெருவிரலுக்குக் கீழே, நான்கு பல் பதிந்திருந்தது. ரத்தம் அதிகமில்லை. அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு, "கொஞ்சம் இங்கே வாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. அவர் குரல் உயராத நாட்களில்தான் எங்களுக்கெல்லாம் பயம்.

மூன்றாம் வகுப்பு மேசைக்கு அடியில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி குந்தியிருந்தாள். மடியில் அவித்த பனங்கிழங்கு ஐந்தாறு. எல்லாம் மற்றப் பிள்ளைகளின் தூக்குச் சட்டியிலிருந்து எடுத்தவை. பிடுங்கப் போன பெரிய டீச்சரைத்தான் கடித்திருக்கிறாள். கிழங்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவித்த மஞ்சளும் உப்பும் கலந்த வாசனை அந்த மேசைக்கடியிலிருந்து வந்தது.

அவள் பெயர் செல்லக்கனி. பள்ளிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

"பங்குனி பிறக்கும் வரை பார்ப்போம்" என்றார் பெரிய டீச்சர். "அதற்குள் அடங்காவிட்டால் பேரை அடித்துவிட வேண்டியதுதான். மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டுமே."

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்த பிறகு படித்து, அந்தச் சிறிய பெண்கள் பள்ளியைத் தன் தோளில் தூக்கி நிறுத்தியவர். அறுபது பிள்ளைகளுக்கு நடுவே கடிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால் யார்தான் என்ன செய்வார்கள்?

நடந்து வந்தவர்கள்

அது சண்டைக் காலம். நான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் பள்ளி தூத்துக்குடி கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தது. கப்பல்கள் அப்போது கரைக்கு வராது. தூரத்தில் ஆழத்தில் நிற்கும். தோணிகள்தான் மூட்டைகளைக் கொண்டுபோய் ஏற்றும். காற்று கிழக்கிலிருந்து வீசினால் கரும்பலகை பிசுபிசுத்து, எழுதியது ஒட்டாது.

ரங்கூன் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்த பிறகு பர்மாவிலிருந்து நம்மாட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக, மலை வழியாக வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். செல்லக்கனியும் அப்படி வந்தவள்தான். தகப்பன் சுடலைமுத்து ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தவர். இங்கே வந்து தோணித்துறையில் உப்பு மூட்டை சுமந்தார். தாய் இல்லை, ஒரு தம்பி இருந்தான், அவனும் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான். அதையும் வேறு யாருடைய சங்கதியோ போலச் சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு 'அடங்காத பிள்ளைகள்' என்று ஒரு பாடம் உண்டு. பெஞ்சு மேல் நிறுத்துவது, தனியே உட்கார வைப்பது, பெற்றோருக்குச் சீட்டு எழுதுவது. இந்த மூன்றையும் வரிசையாக எழுதினால் பரீட்சையில் முழு மார்க். நானும் முழு மார்க் வாங்கியவள்தான்.

மூன்றையும் செல்லக்கனியிடம் செய்து பார்த்தாயிற்று. பெஞ்சு மேல் நிறுத்தினால் சாயங்காலம் வரை நிற்பாள். தனியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால் கதவை உதைப்பாள். சீட்டு எழுதினால், தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது.

பெரிய டீச்சர் கேட்டபடி ஒரு நோட்டில் அவள் செய்ததையெல்லாம் குறித்து வைத்தேன். பலகை உடைத்தது. கிள்ளியது. திருடியது. கடித்தது. நாலு பக்கம் நிறைந்துவிட்டது.

தங்கராசு

இந்த இடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தங்கராசு என்னைவிட மூன்று வயது இளையவன். எங்கள் அப்பா கருப்பட்டி வியாபாரி. வீட்டில் எது இருந்தாலும் தங்கராசு அதைக் கழற்றிவிடுவான். பூட்டு, தராசு, கிணற்று ராட்டினம் எதுவும் தப்பாது. மறுபடி பூட்டத் தெரியாது, அதற்குள் பிடிபட்டுவிடுவான். அடி விழும். அடி விழுந்தால் அடுத்த நாள் வேண்டுமென்றே இன்னொன்றைக் கழற்றுவான். ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்திருந்தான். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான்.

அன்று அவனைத் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். பதினான்கு வயதில் கொழும்புத் தோணி ஒன்றில் ஏறிப் போனவன் திரும்பவேயில்லை.

பின்னாளில் ஒரு முறை அப்பாவே கேட்டார்: "பயல ஒரு பட்டறையில சேத்துவிட்டிருக்கலாமோளா?" அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் அந்த வயதில் தோன்றவில்லை. அவன் கெடுத்ததையே எண்ணிக்கொண்டிருந்தோம். கடிகாரத்தின் அத்தனை பல்சக்கரங்களையும் அவன் அளவுவாரியாக அடுக்கி வைத்திருந்தான். அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

பூவரச மரத்தடியில்

கடித்த சம்பவத்துக்கு மூன்றாம் நாள் மத்தியானம். பள்ளிக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் செல்லக்கனி தனியாக உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் கிழங்கு. யாருடையது என்று கேட்கப் போனவள், எதனாலோ ஜன்னல் ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

அவள் நாரை உரித்தாள். கிழங்கைத் துண்டு துண்டாக ஒடித்தாள். ஒவ்வொரு துண்டையும் தன் நடுவிரலோடு வைத்து அளந்தாள். நீளமாக இருந்தால் நுனியைக் கிள்ளி, குட்டையான துண்டோடு வைத்தாள். பிறகு எழுந்து போய், சாப்பாடு கொண்டுவராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் ஆளுக்கு ஒன்று வைத்தாள். முன்பல் விழுந்த ஒரு குட்டிக்கு மட்டும் மெத்தென்ற நடுப்பகுதி. கடைசியில் வெறுங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கே திரும்பிவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். எடுப்பதைத் தின்பதில்லை. சமமாகப் பிரிக்கிறாள். யாருக்குச் சாப்பாடு இல்லை என்று தெரிந்து வைத்திருக்கிறாள். யாருக்குப் பல் விழுந்தது என்றும்.

அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆனால் முன்னால் இருந்த நாலு பக்கத்தில் அடுத்து என்ன செய்வது என்பதற்கு வழியே இல்லை. இந்த அரைப் பக்கத்தில் இருந்தது.

ரோசம்மாவின் குசினி

அரிசித் தட்டுப்பாடு வந்ததும் ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து பள்ளிக்குக் கம்பும் சோளமும் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். மாசி நடுவில் மத்தியானக் கஞ்சி தொடங்கியது. காய்ச்ச வந்தவள் புன்னைக்காயல் ஊர்க்காரி ரோசம்மா. அவள் அடுப்படி என்று சொல்லமாட்டாள், குசினி என்பாள். தென்னங்கீற்று வேய்ந்த அந்தச் சார்ப்புக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ரோசம்மாக்கா, நாளையிலிருந்து செல்லக்கனி கஞ்சி ஊத்தட்டும்" என்றேன்.

"கடிச்சாளே, அவளா?" ரோசம்மா அகப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "எங் குசினிக்குள்ளயா? நல்ல யோசனதான் டீச்சர். முதல்ல பெரிய டீச்சர்ட்ட கேட்டியளா?"

கேட்டேன். பெரிய டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "திருடுகிறவளிடம் சாப்பாட்டுப் பாத்திரத்தையே கொடுக்கச் சொல்கிறீர்கள்."

"ஆமாம்."

"ஒரு வாரம். அதற்குமேல் கிடையாது."

முதல் நாளே கெட்டுப்போயிற்று. செல்லக்கனி அகப்பையை வாங்கியதும் அவள் முகத்தில் ஏதோ நிமிர்ந்தது. நாலு பேருக்கு ஊற்றினாள். அதற்குள் பின்னால் நின்ற ஒருத்தி முண்டியடித்து அவள் முதுகில் மோதினாள். அவ்வளவுதான், அகப்பை பறந்தது. பானை சாய்ந்து பாதிக் கஞ்சி மண்ணில் ஓடியது. செல்லக்கனி விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். பெரிய டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போனார். எனக்கு அழுகை வந்தது. பிள்ளைக்காக என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என் மானம் போனதற்காக அழுதேன்.

ரோசம்மா மண்ணைப் பெருக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அவ மொறச்சுக்கிட்டு ஊத்தல பாத்தியளா? பயந்து பயந்து ஊத்துனா. எம் மாப்பிள சங்கு குளிக்கப் போற ஆளு. முங்கும்போது கயித்த எவன் கையில குடுப்பாக தெரியுமா? பயந்தவன் கையில. தைரியசாலி பீடியப் பத்த வச்சுட்டு வேற எங்கனயாவது பாப்பான். பயந்தவன் கயித்துலேருந்து கண்ண எடுக்க மாட்டான்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுதிய அக்கா?"

"அவளுக்கு முதுகுக்குப் பின்னால ஆளு நின்னா ஆவல. பானைய இழுத்துச் சுவரோரம் போடுவோம். சுவர் கடிக்காதுல்லா?"

மறுநாள் பானை சுவரோரம் போயிற்று. செல்லக்கனி சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் அவள் கண்ணெதிரில் ஒரே வரிசையில் நின்றார்கள். அறுபது பேருக்கும் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பானை தீர்ந்தபோது வரிசையும் தீர்ந்திருந்தது.

அவள் கண்ணளவை நான் அன்றுதான் பார்த்தேன். பானையை ஒரு முறை பார்ப்பாள், வரிசையை ஒரு முறை பார்ப்பாள். பிறகு அகப்பை எவ்வளவு முங்க வேண்டுமோ அவ்வளவுதான் முங்கும். பலகையில் வகுத்தல் கணக்குப் போடத் தெரியாத பிள்ளை! அடுத்த வாரம் வகுத்தலைப் பானையும் வரிசையுமாகச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

பெரிய டீச்சர் கொடுத்த ஒரு வாரம் முடிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. தூக்குச் சட்டிகள் காணாமல் போவது நின்றுவிட்டது.

பங்குனி பிறந்தது, பேரை அடிக்கிற பேச்சே வரவில்லை. ஒரு நாள் தானியம் பாதிதான் வந்தது. ரோசம்மா தண்ணீரை விட்டு நீட்டினாள். வரிசையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏனத்தை இரண்டாம் முறை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்துளா" என்றாள்.

"முடியாது. பின்னாடி ஆளு இருக்கு."

கரகரத்த குரல். யார் பேசியது என்று ரோசம்மாவும் நானும் திரும்பிப் பார்த்தோம். செல்லக்கனி அடுத்த ஏனத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தம்பியின் பங்கு

வாய் திறந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பெரும்பாலும் ரோசம்மாவிடம்தான். ஒரு நாள் பானை கழுவும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"தம்பிக்கு நாந்தான் கொறச்சுப் போட்டேன். அதான் செத்துட்டான்."

துண்டு துண்டாக மீதியும் வந்தது. வழியில் தாய்க்குக் காய்ச்சல். அரிசி மூட்டையையும் அளக்கிற பால் டப்பாவையும், அதுவரை வைத்திருந்த ஆளிடமிருந்து வாங்கி இவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூட வந்தவர்களோடு சேர்த்துப் பதினோரு பேர். "சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் போதும்" என்று தாய் சொன்னாளாம். இவளும் அப்படியே போட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் தம்பி எழுந்திருக்கவில்லை.

ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லலாம். நான் அங்கே இருந்தேனா, பார்த்தேனா? பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்கள் தெரியாமல் சொல்லுகிற ஆறுதல் எது என்று.

அன்று பள்ளி விட்டதும் தோணித்துறைக்குப் போனேன். வாத்தியாரம்மா ஒருத்தி அந்த உப்பு மூட்டைகளுக்கு நடுவே போய் நிற்பது அப்போது சாதாரணம் இல்லை. சுடலைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். தோளெல்லாம் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்ன தாயி? மறுபடி கடிச்சுட்டாளா?"

செல்லக்கனி சொன்னதைச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் வீட்டுல பேசுததில்ல. பேசினா பிள்ள இன்னும் கெட்டுப்போவும்னு எங்கக்கா சொல்லுதா. ஏற்கெனவே சாயங்காலமானா எங்கனயாவது ஓடிப்போயிருதான்னு கால்ல கயித்தக் கட்டிப் போடுதோம்."

பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு வயதானவர் தலையைத் தூக்கினார். "எங்கனயும் ஓடல, சுடல. முந்தியெல்லாம் தினம் சாயங்காலம் அந்த மூட்ட அடுக்குத கிட்டங்கிச் சுவரோரமா வந்து நிக்கும். நீ தோணியிலேருந்து இறங்குதியான்னு பாக்கும். பாத்துட்டு ஒரே ஓட்டமா வீட்டுக்குப் போயிரும். ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

சுடலைமுத்து அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"தம்பிக்கு என்ன ஆச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பேதி. காட்டுத் தண்ணி. மூணே நாளு. அரிசியா கொன்னுச்சு அவன? இவ தன் பங்கையும் அவனுக்குல்லா ஊட்டிவிட்டா."

"இத அவகிட்ட சொன்னியளா?"

அவர் தலைத்துண்டை மறுபடி கட்டிக்கொண்டு எழுந்தார். மறுநாள் மத்தியானம் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார்.

குசினியில் வைத்துத்தான் பேசினார். ரோசம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, மகளுக்கு எதிரில் தரையில் குந்தினார்.

"ஏளா கனி. பதினோரு பேரு கெளம்புனோம். எட்டுப் பேரு வந்து சேந்தோம். எப்படின்னு நெனச்சுக்கிட்டே? நீ அளந்து போட்டதால வந்தோம். ஒனக்கு முந்தி அந்த மூட்டைய வச்சிருந்தவன் இஷ்டத்துக்குப் போட்டான். அப்படியே விட்டிருந்தா நாலாம் நாளே தீந்திருக்கும். அரிசி கடசி வரைக்கும் இருந்துச்சு. நான் இங்கன உக்காந்திருக்கது ஒன் கையாலதான்."

"தம்பி?"

"தம்பிக்குத் தண்ணி சேரல. ராத்திரியெல்லாம் வயித்தால போச்சு. நாந்தான் வச்சிருந்தேன் அவன. நீ ஊட்டுனத அவன் வாங்கிக்கிடல. நீ கொறச்சுப் போடல ஏளா. நான் பாத்தேன்."

செல்லக்கனி தகப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவம் பேரச் சொல்லுங்க ஐயா. யாரும் சொல்ல மாட்டேங்கிய."

அவர் "முத்துராசு" என்றார். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார். பிறகுதான் இருவரும் அழுதார்கள். அதற்கு முன் அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை.

அன்று கஞ்சி அரைமணி பிந்தியது. பெரிய டீச்சர் மணியடிக்கவில்லை. பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்துத் தானே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடத்தை

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஐப்பசி இடிமுழக்கத்தில் செல்லக்கனி மறுபடி மேசைக்கடியில் புகுந்தாள். வெளியே இழுக்கப் போன என்னையும் கடித்தாள். தவறு என்னுடையது, இழுக்காமல் நானும் உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த இடிக்கு அப்படித்தான் செய்தேன். வீட்டில் கயிறு கட்டுவது நின்றது. சாயங்காலங்களில் தகப்பனை எதிர்கொண்டு கூட்டிவரும் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் எங்களிடம் இருந்தாள். பிறகு சுடலைமுத்துவுக்கு ஆத்தூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை அமைந்தது. பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்.

அந்தச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஒரு வார்த்தைக்குத்தான் இடம். 'நன்று' அல்லது 'திருப்தி'. பெரிய டீச்சர் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு கட்டத்தைத் தாண்டி, ஓரமெல்லாம் நிரம்ப, பொடி எழுத்தில் எழுதினார். அரசாங்கத் தாளில் அவர் அப்படிக் கோடு தாண்டி எழுதியதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

சுடலைமுத்து தாளை வாங்கி என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்குன்னு வாசிங்க தாயி."

நான் வாங்குவதற்குள் செல்லக்கனி வாங்கிக்கொண்டாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள்:

"இந்தப் பிள்ளையைச் சும்மா உட்காரச் சொல்ல வேண்டாம். பொறுப்பான வேலை ஏதாவது கையில் கொடுங்கள்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பெரிய டீச்சரைப் பார்த்தாள்.

"அங்கன என்ன வேல குடுப்பாவ டீச்சர்?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றார் பெரிய டீச்சர். "அவர்கள் கொடுக்க மறந்துவிட்டால் நீயே கேட்டு வாங்கிக்கொள்."

"கேப்பேன்" என்றாள் செல்லக்கனி. தாளை நாலாக மடித்து, தகப்பனிடம் கொடுக்காமல், தன் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.